எரிமலைத் தீவில் வழிகாட்டியுடன் ஸ்கூபா: யாருடைய பொறுப்பு எதுவரை?

அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு எரிமலை 2025 செப்டம்பரில் மீண்டும் குமுறிய செய்தி வந்தபோது, அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலில் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டருடன் கடலுக்குள் மூழ்கும்) பயணங்கள் நடத்தப்படுவதையும் பலர் முதன்முறையாகக் கேள்விப்பட்டிருக்கக்கூடும். பாலி, டெனெரிஃப், ஹவாய் போன்ற எரிமலைத் தீவுகளுக்கான பயண விளம்பரங்களிலும் ‘சான்றிதழ் பெற்றவர்களுக்கு மட்டும், வழிகாட்டியுடன்’ என்ற வரி வழக்கமாக இடம்பெறுகிறது. கோவளத்திலோ புதுச்சேரியிலோ பயிற்சி முடித்துச் சான்றிதழ் அட்டையைக் கையில் வைத்திருக்கும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதியினருக்கு இதனால் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. எரிமலை இருக்கும் இடத்தில் கடலுக்குள் இறங்கலாமா என்பது ஒன்று. வழிகாட்டி உடன் வரும்போது சான்றிதழ் எதற்கு என்பது மற்றொன்று. முதல் ஐயம்தான் அச்சம் தருகிறது என்றாலும், கடலுக்குள் இறங்குபவரின் உயிரோடு நெருங்கிய தொடர்புடையது இரண்டாவது ஐயமே. அதற்கு விடை காண, நீருக்குள் உடலுக்கு என்ன நேர்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அழுத்தம் செய்யும் மூன்று வேலைகள்

கடல்மட்டத்தில் நம் உடலின்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஏறத்தாழ இன்னொரு வளிமண்டல அழுத்தம் அதனுடன் சேர்கிறது. எனவே 10 மீட்டரில் இரண்டு மடங்கும், 20 மீட்டரில் மூன்று மடங்கும், 30 மீட்டரில் நான்கு மடங்கும் அழுத்தம் இருக்கும். அழுத்தம் கூடினால் வாயுவின் கொள்ளளவு அதே விகிதத்தில் குறையும் என்று 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி ஸ்கூபாவின் பல கட்டுப்பாடுகளுக்கு அடித்தளம். அழுத்தம் கூடுவதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

1. நுரையீரல். கொற்கைக் காலம் தொட்டு நம் கடலில் முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கித்தான் மூழ்கினார்கள். ஸ்கூபாவில் மட்டும் மூச்சை அடக்கவே கூடாது என்று கற்பிப்பது ஏன் என்று நம் பகுதியில் கேட்பது இயல்பு. முத்துக்குளித்தவர் காற்றைக் கடலுக்கு மேலே நிரப்பிக்கொண்டு மூழ்கினார்; அந்தக் காற்று ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பியது. ஸ்கூபாவில் ரெகுலேட்டர் என்னும் கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. 10 மீட்டரில் நிரம்பிய நுரையீரலுடன் மூச்சை அடக்கி மேலே வந்தால், உள்ளிருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். அதைத் தாங்கும் இடம் நெஞ்சுக்குள் இல்லை.

2. காற்றின் கணக்கு. 11 லிட்டர் கொள்ளளவு கொண்ட சிலிண்டரை 200 பார் (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) அழுத்தத்துக்கு நிரப்பினால் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று கிடைக்கும். 50 பார் மிச்சத்துடன் மேலே வர வேண்டும் என்ற வழக்கத்தைக் கடைப்பிடித்தால் செலவிடக் கூடியது 1,650 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குபவர் 10 மீட்டரில் 40 லிட்டரும், 20 மீட்டரில் 60 லிட்டரும், 30 மீட்டரில் 80 லிட்டரும் செலவிடுவார். அதே சிலிண்டர் 10 மீட்டரில் ஏறத்தாழ 41 நிமிடமும், 20 மீட்டரில் 27 நிமிடமும், 30 மீட்டரில் 20 நிமிடமும் வரும். பதற்றத்தில் நிமிடத்துக்கு 30 லிட்டர் வாங்குபவருக்கு 30 மீட்டரில் 14 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும்.

3. நைட்ரஜன். காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். அழுத்தம் கூடும்போது அது இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. மெதுவாக மேலே வந்தால் நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து வந்தால் உடலுக்குள்ளேயே குமிழிகளாகி மூட்டு, தண்டுவடம், மூளை ஆகியவற்றைத் தாக்கும். இதையே அழுத்தக்குறைவு நோய் என்கிறோம். அதனால்தான் ஆழத்துக்கு ஏற்ற நேர எல்லைகள் வகுக்கப்பட்டுள்ளன. பரவலாகப் பயன்படும் ஓர் அட்டவணையின்படி முதல் முக்குளிப்பில் 18 மீட்டரில் 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறுவதும், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வருவதும் இன்று பொதுவான நடைமுறை. அதே நாளில் இரண்டாவது முறை இறங்கினால், உடலில் தங்கிய நைட்ரஜனைக் கருதி நேரத்தை இன்னும் குறைக்க வேண்டும்.

மூன்றாவது விளைவைத் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. படகில் உள்ள கம்ப்ரஸரிலிருந்து குழாய் வழியே காற்றுப் பெற்றுச் சங்கு குளிப்பவர்கள், நேரக் கணக்குப் பார்க்கும் கருவி எதுவுமின்றி ஆழத்தில் நெடுநேரம் வேலை செய்யும்போது எதிர்கொள்ளும் ஆபத்தும் இதே நைட்ரஜன் குமிழிதான். பொழுதுபோக்குக்காக இறங்குபவருக்கும் பிழைப்புக்காக இறங்குபவருக்கும் இதில் உடற்கூறு வேறுபாடு கிடையாது. பாதுகாப்பு வசதியில்தான் வேறுபாடு, அந்த வேறுபாடு நீடிப்பது வருந்தத்தக்கது.

அட்டை சொல்வது என்ன?

பயிற்சி எதுவுமின்றிப் பயிற்சியாளர் கையைப் பிடித்து அழைத்துச் செல்லும் அறிமுக முக்குளிப்புக்கு 12 மீட்டர் எல்லை. ‘ஓப்பன் வாட்டர்’ என்னும் முதல் சான்றிதழுக்கு 18 மீட்டர், சி.எம்.ஏ.எஸ். என்னும் பன்னாட்டு முக்குளிப்பு அமைப்பின் ஒரு நட்சத்திரச் சான்றிதழுக்கு 20 மீட்டர். ‘அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர்’ பெற்றவருக்கு 30 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்பின் ஒட்டுமொத்த எல்லை 40 மீட்டர்.

இந்த எண்களைவிட முக்கியமான பாகுபாடு ஒன்று உண்டு. ஐ.எஸ்.ஓ. 24801 என்னும் பன்னாட்டுத் தரநிலை, கண்காணிப்பின்கீழ் மட்டும் இறங்கத் தகுந்தவர், தானே இறங்கத் தகுந்தவர், பிறரை அழைத்துச் செல்லத் தகுந்தவர் என மூன்று நிலைகளை வகுக்கிறது. ஓப்பன் வாட்டர் அட்டை இரண்டாம் நிலையைச் சேர்ந்தது. அதாவது, தன்னைப் போன்ற தகுதியுள்ள இணையருடன், பயிற்சி பெற்ற சூழலை ஒத்த சூழலில், வழிகாட்டியே இல்லாமல் திட்டமிட்டு இறங்கி ஏறத் தெரிந்தவர் என்பதற்கு அந்த அட்டை சான்று. விளம்பரத்தில் வரும் ‘சான்றிதழ் பெற்றவர்களுக்கு மட்டும்’ என்ற வரியின் முழுப் பொருள் இதுதான்: ஆழம், காற்று, நேரம் மூன்றையும் வருபவர் தாமே பார்த்துக்கொள்வார் என்று நடத்துபவர் எடுத்துக்கொள்கிறார்.

அப்படியானால் வழிகாட்டி எதற்கு? அந்த இடத்தின் நீரோட்டம் எந்தப் பக்கம் திரும்பும், எங்கே இறங்கி எங்கே ஏற வேண்டும், எந்தப் பொந்தில் எந்த உயிரினம் இருக்கும் என்பதை அறிந்தவர் அவர். இறங்குவதற்கு முன் திட்டத்தை விளக்குவார். குழுவைப் பாதையில் வைத்திருப்பார். அவசரத்தில் உதவப் பயிற்சி பெற்றிருப்பார். ஆனால் ஒவ்வொருவருடைய அழுத்தமானியையும் நிமிடந்தோறும் பார்த்துக்கொண்டிருப்பது அவரால் இயலாது. நான்கு பேரை அழைத்துச் செல்பவர் ஒரு பாறையிடுக்கைச் சுட்டிக்காட்டத் திரும்பும் அரை நிமிடத்தில், பின்னால் வருபவர் ஆறேழு மீட்டர் கீழே போய்விட முடியும்.

முத்துக்குளிக்கப் போகிறவரின் கயிற்றைப் படகில் அவருடைய மைத்துனர் பிடித்திருப்பார் என்று நம் கடற்கரையில் வழிவழியாகச் சொல்வார்கள். தன் உடன்பிறந்தவளின் வாழ்வு அந்தக் கயிற்றில் இருக்கிறது என்பதால் அவர் கண்ணிமைக்காமல் காத்திருப்பாராம். அந்த உறவும் அந்தக் கயிறும் வழிகாட்டிக்கும் பயணிக்கும் இடையில் இல்லை. பணம் கொடுத்து வழிகாட்டியுடன் செல்பவர்களில் சிலர் அப்படி ஒரு கயிறு இருப்பதாகவே எண்ணி இறங்குகிறார்கள் என்பதே இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய பலவீனம்.

எரிமலைத் தீவின் கடலடி ஏன் வேறு?

உவரியிலிருந்தோ கூத்தன்குழியிலிருந்தோ படகில் செல்பவர்களுக்குக் கடலின் ஆழம் படிப்படியாகவே கூடும். மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் ஆழமற்ற கடலில், பவளப்பாறைகளை ஒட்டி அமைந்தவை. புன்னைக்காயலில் கடலில் கலக்கும் தாமிரபரணி வண்டலையும் கொண்டுவருகிறது. இத்தகைய கடலில் மிதவைச் சமநிலை தவறிக் கீழே போனாலும் சில மீட்டரில் தரை வந்து நிறுத்திவிடும்.

எரிமலைத் தீவு என்பது கடலடியிலிருந்து எழுந்த மலையின் நுனி. பாரன் தீவு கடல்மட்டத்துக்கு மேல் 354 மீட்டர் உயரமே கொண்டது. அதைத் தாங்கும் மலை 2,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் வேரூன்றியிருக்கிறது. மலையின் பெரும்பகுதி நீருக்குள்ளேயே இருப்பதால், கரையை விட்டுச் சிறிது தொலைவு நீந்தினாலே கால்களுக்குக் கீழே முப்பது, நாற்பது மீட்டர் ஆழம் திறந்துகொள்ளும் இடங்கள் இத்தகைய தீவுகளில் உண்டு. அங்கே தரை வந்து யாரையும் நிறுத்தாது.

இதனுடன் நீரின் தெளிவும் சேர்ந்துகொள்கிறது. இந்தத் தீவுகள் பலவற்றில் வண்டல் கொண்டுவரும் பெரிய ஆறுகள் இல்லாததாலும், ஆழ்கடல் கரைக்கு அருகிலேயே இருப்பதாலும் நீர் பளிங்குபோல் இருக்கும். முகக்கவசத்தின் வழியே பார்க்கும்போது ஒளிவிலகலால் பொருள்கள் நான்கில் ஒரு பங்கு அருகில் தெரியும். 30 மீட்டரில் உள்ள பாறை எட்டிப் பிடித்துவிடலாம் போலத் தோன்றும். அதே 30 மீட்டரை நெருங்கும்போது நைட்ரஜன் சிலருக்கு மதுமயக்கம் போன்ற நிலையை உண்டாக்கி, தவறான முடிவைச் சரியானதாக உணரவைக்கும். கலங்கிய கடலில் பயின்றவருக்கு, ஆழத்தைக் கண்ணால் அளக்கும் பழக்கம் இங்கே முற்றிலும் பயன்படாது. ஆழத்தையும் நேரத்தையும் காட்டும், கையில் கட்டியிருக்கும் டைவ் கம்ப்யூட்டரை மட்டுமே நம்ப வேண்டும்.

பாலியின் வடகிழக்கில் உள்ள துலாம்பென் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1942 ஜனவரியில் லொம்போக் நீரிணைக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்ட லிபர்ட்டி என்னும் அமெரிக்கச் சரக்குக் கப்பல், இழுத்துவரப்பட்டுத் துலாம்பென் கரையில் தரைதட்டவைக்கப்பட்டது. 1963-இல் ஆகுங் எரிமலை வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்தப் பேரிடரின்போது, கரையில் கிடந்த கப்பல் கடலுக்குள் தள்ளப்பட்டது. இன்று அது எரிமலைக் கருமணல் சரிவில் சாய்ந்து, பவளமும் மீன்களும் குடியேறிய இடமாக இருக்கிறது. அதன் மேற்பகுதி ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்திலும் அடிப்பகுதி 30 மீட்டரை ஒட்டியும் இருக்கிறது. அதாவது 18 மீட்டர் அட்டை வைத்திருப்பவர் கப்பலின் பெரும்பகுதியைப் பார்க்கலாம். முழுவதையும் பார்க்க முடியாது. குழுவில் மற்றவர்கள் அட்வான்ஸ்ட் அட்டைக்காரர்களாக இருந்து, வழிகாட்டி அவர்களுடன் கீழே இறங்கும்போது, 18 மீட்டரில் நின்றுகொள்வதாகச் சைகை காட்ட வேண்டியவர் அந்தப் பயணிதான். கருமணல் ஒளியை உறிஞ்சுவதால் கீழே இருள் கூடுதலாகத் தெரியும். காலில் அணிந்த துடுப்பால் கிளறினால் நுண்துகள் எழுந்து முன்னால் செல்பவரையே மறைக்கும்.

எரிமலைக் குழம்புக் குகைகள் இன்னொரு சிக்கல். குழம்பு ஓடும்போது அதன் மேற்புறம் குளிர்ந்து கெட்டியாகிறது. உள்ளே இருப்பது தொடர்ந்து ஓடி வடிந்துவிட, நீண்ட குழாய் போன்ற வெற்றிடம் எஞ்சுகிறது. நீருக்குள் அமைந்த இத்தகைய வளைவுகளையும் குகைகளையும் காட்டுவதுதான் ஹவாய், கேனரித் தீவுகள் போன்ற இடங்களில் பயணத்தின் சிறப்பாகவே விளம்பரப்படுத்தப்படுகிறது. தலைக்கு மேல் கூரை இருக்கும் இடத்தில் நேராக மேலே செல்லும் வழி அடைபடுகிறது. ஓப்பன் வாட்டர் பயிற்சி முழுவதும் அந்த வழி திறந்திருக்கிறது என்ற அடிப்படையில் அமைந்தது. இருபுறமும் வெளிச்சம் தெரியும் குட்டையான வளைவைக் கடப்பதும், திரும்பிப் பார்த்தால் நுழைவாயில் தெரியாத குகைக்குள் செல்வதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு வழிகாட்டி அழைத்தாலும் மறுப்பதே சரி; குகை முக்குளிப்புக்கெனத் தனிப் பயிற்சி இருக்கிறது.

எரிமலை விழித்துக்கொண்டால்?

எரிமலையின் வாய் புகைவதால் சுற்றியுள்ள கடல் முழுவதும் கொதித்துவிடாது. கடலின் பரப்பு வெப்பத்தை விரைவில் கரைத்துவிடும். டொமினிக்கா தீவின் ‘ஷாம்பெயின்’ பவளத்திட்டில் கடலடியிலிருந்து எழும் எரிமலை வாயுக் குமிழிகளுக்கு நடுவே பயணிகள் நீந்துகிறார்கள். ஆனால் வாயு வெளியேற்றம் எப்போதும் சீராக இருக்கும் என்று சொல்ல இயலாது. இத்தாலியின் பனாரியாத் தீவுக்கு அருகே 2002 நவம்பரில் கடலடியிலிருந்து திடீரெனப் பெருமளவு வாயு பீறிட்டது. 2011 அக்டோபரில் கேனரித் தீவுகளின் எல் ஹியெரோவில், முக்குளிப்புக்குப் புகழ்பெற்ற லா ரெஸ்டிங்கா என்னும் மீனவ ஊருக்கு அருகே கடலடியில் எரிமலை வெடித்தது. ஊர் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், மீன்பிடிப்பும் முக்குளிப்பும் நின்றுபோயின. எனவே அரசு எச்சரிக்கை நிலை உயர்ந்திருக்கும் நாள்களில் முன்பணம் போய்விடுமே என்று கருதாமல் பயணத்தைத் தள்ளிவைப்பதே வழி.

பாரன் தீவில் வேறொரு சிக்கல் இருக்கிறது. இந்தியாவின் செயல்படும் எரிமலை அது ஒன்றே. 1787-இல் அதன் குமுறல் முதன்முதலில் பதிவுசெய்யப்பட்டது. நெடிய உறக்கத்துக்குப் பிறகு 1991-இல் மீண்டும் விழித்தது. மனிதர் வாழாத தீவு. தரையில் இறங்க அனுமதி இல்லை. படகிலிருந்தே முக்குளிக்க வேண்டும். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (முன்பு போர்ட் பிளேயர்) ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவு. அங்கே ஒருவருக்கு அழுத்தக்குறைவு நோய் ஏற்பட்டால், மருத்துவமனைக்கும் அவருக்கும் இடையில் பல மணிநேரக் கடற்பயணம் இருக்கிறது. அந்தத் தீவைப் பொறுத்தவரை எரிமலையைவிட இந்தத் தொலைவே எனக்குப் பெரிய காரணியாகப் படுகிறது.

பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை

1. ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், அவர்களின் சான்றிதழ் நிலை என்ன? வெவ்வேறு நிலையினரை ஒரே குழுவில் சேர்ப்பதாகச் சொன்னால், ஆழம் யாருடைய எல்லைக்கு ஏற்ப முடிவாகும் என்பதையும் கேட்க வேண்டும். குழுவில் மிகக் குறைந்த எல்லை உள்ளவரே அளவுகோல் என்பதுதான் ஏற்கத்தக்க விடை.

2. படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, மிக அருகிலுள்ள உயரழுத்தச் சிகிச்சை அறை எங்கே, அங்கு சேர எவ்வளவு நேரம் ஆகும்? இதற்கு உடனடியாகப் பதில் சொல்ல இயலாத நிறுவனத்துடன் செல்ல வேண்டாம்.

3. கடைசியாக எப்போது முக்குளித்தீர்கள் என்று அவர்கள் உங்களிடம் கேட்கிறார்களா? அட்டைக்குக் காலாவதி கிடையாது, பழக்கத்துக்கு உண்டு. நெடுநாள் இடைவெளி விட்டவரை முதல் நாளே செங்குத்துச் சரிவுக்கு அழைத்துச் செல்லாமல், ஆழமற்ற இடத்தில் மீள்பயிற்சி தருபவரே பொறுப்பானவர்.

4. சாதாரணப் பயணக் காப்பீடு ஸ்கூபாவை விலக்கியிருக்கிறதா, ஏற்றிருந்தால் எந்த ஆழம் வரை? இதைக் காப்பீட்டுப் பத்திரத்திலேயே படித்துப் பார்க்க வேண்டும். ஆஸ்துமா, இதயநோய், அண்மைய அறுவைச் சிகிச்சை ஆகியவற்றை மருத்துவப் படிவத்தில் மறைத்தால் காப்பீடும் போகும், உயிருக்கும் ஆபத்து.

கரை ஏறிய பிறகு: மலையும் விமானமும்

நைட்ரஜன் வெளியேறி முடிவதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குச் சென்றால், விரைந்து மேலே வந்த அதே விளைவு ஏற்படும். அதனால்தான் முக்குளித்த பின் விமானம் ஏறக் காத்திருக்க வேண்டும். முக்குளிப்போர் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் பரிந்துரைப்படி, ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணிநேரம். ஒரே நாளில் பலமுறையோ, தொடர்ந்து பல நாளோ இறங்கியிருந்தால் 18 மணிநேரம். ஏறும் வழியில் கட்டாயமாக நிறுத்தி நிறுத்தி வர வேண்டிய ஆழ முக்குளிப்பாக இருந்தால் அதைவிடக் கணிசமான நேரம்.

விமானத்தை நினைவில் வைப்பவர்கள்கூட எரிமலையின் உயரத்தை மறந்துவிடுகிறார்கள். பயணிகள் விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்துக்குரிய அழுத்தத்துக்குக் கீழே குறையாதபடி வைக்கப்படுகிறது. ஹவாயின் மௌயி தீவிலுள்ள ஹலெயாகலா எரிமலையின் உச்சி 3,055 மீட்டர். அங்கே காரிலேயே செல்லலாம். காலையில் கடலில் இறங்கிவிட்டு, சூரியன் மறைவதைப் பார்க்க மாலையில் அந்த உச்சிக்குச் செல்பவர், விமானம் ஏறுபவரைவிடக் கூடுதலான ஆபத்தை ஏற்கிறார். டெனெரிஃபின் தெய்டே எரிமலை 3,700 மீட்டரையும் தாண்டியது; கேபிள் காரில் அதன் உச்சியை நெருங்கலாம். பாலியில் பத்தூர் எரிமலையைப் பார்க்கும் கிந்தாமணிப் பகுதியும் கடல்மட்டத்திலிருந்து மிக உயரத்தில்தான் இருக்கிறது. துலாம்பெனுக்கும் கிந்தாமணிக்கும் ஒரே நாளில் சென்றுவரும் திட்டத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

கடலும் மலையும் அருகருகே அமைந்த நம் பகுதிக்கும் இது பொருந்தும். தூத்துக்குடிக் கடலில் காலையில் முக்குளித்தவர் அன்று மாலையே மாஞ்சோலை வழியாகக் குதிரைவெட்டிக்குச் சென்றால், 1,000 மீட்டருக்கும் மேலான உயரத்துக்குச் சென்றவராவார். எரிமலைத் தீவுப் பயணத்தைத் திட்டமிடும்போது மலையேற்றத்தை முதல் நாள்களிலும், முக்குளிப்பை நடுவிலும், தரையில் சுற்றிப் பார்க்கும் ஒரு முழு நாளை விமானத்துக்கு முன்னும் வைப்பது எளிய தீர்வு.

ஊர் திரும்பிய பின் தோன்றும் அறிகுறிகள்

அழுத்தக்குறைவு நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் சில மணிநேரத்துக்குள் தோன்றும். சிலருக்கு ஒரு நாள் வரையிலும், விமானப் பயணத்துக்குப் பிறகும் வரலாம். காரணமில்லாத கடும் சோர்வு, தோள் அல்லது முழங்கால் வலி, தோலில் அரிப்பும் திட்டுகளும், கை கால் மரத்தல், தலைச்சுற்றல், சிறுநீர் கழிப்பதில் சிரமம் ஆகியவை கவனிக்கத்தக்கவை. பெட்டி தூக்கியதால் வந்த வலி என்று தைலம் தேய்த்துக் காத்திருப்பதும், சரியாகிவிடும் என்று மீண்டும் கடலுக்குள் இறங்குவதும் நிலைமையை மோசமாக்கும். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் தர வேண்டியது நூறு விழுக்காடு ஆக்சிஜன். இறுதிச் சிகிச்சை உயரழுத்த அறையில்.

திருவனந்தபுரத்திலோ தூத்துக்குடியிலோ விமானம் இறங்கி வீடு வந்தபின் இத்தகைய அறிகுறி தோன்றினால், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் மருத்துவமனையானாலும் ஊரிலுள்ள சிறு மருத்துவமனையானாலும், முதல் வாக்கியத்திலேயே ஸ்கூபா செய்துவிட்டு வந்ததைச் சொல்ல வேண்டும். கடைசியாக இறங்கிய நாளும் நேரமும், சென்ற அதிகபட்ச ஆழம், அந்த நாள்களில் எத்தனை முறை இறங்கினார், எப்போது விமானம் ஏறினார் என்பவை டைவ் கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கும் அல்லது பயணச் சீட்டில் இருக்கும். அந்தக் கருவியையும் சீட்டையும் மருத்துவரிடம் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.